பண்பாடு யார் கையில்? பழங்குடி மக்களின் மருத்துவமும் கல்வியும்

'பண்பாடு சார்ந்த கல்வி', 'பண்பாடு சார்ந்த மருத்துவம்' என்று பேச்செடுத்தாலே நம் தோழர்கள் பலருக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கத்தான் வேண்டும். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நமக்கு மறந்துவிடவில்லை. பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில். துணி வெளுப்பவர் பிள்ளை வெளுக்கப் போகும், செருப்புத் தைப்பவர் பிள்ளை தைக்கப் போகும். பார்ப்பனப் பிள்ளை மட்டும் அந்தப் பாதி நாளில் எங்கே போகும் என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2023இல், அதே வாடை வீசும் விஸ்வகர்மா திட்டம் ஒன்றிய அரசிடமிருந்து வந்தது. அதை அப்படியே ஏற்க முடியாது என்று தமிழ்நாடு அரசு சொன்னது நம் நினைவில் இருக்கிறது.

சேரியிலிருந்து படித்து வந்த நமக்குப் பண்பாடு என்பது பெரும்பாலும் அடுத்தவர் நம் தலையில் ஏற்றிவைத்த சுமை. சாவுக்கு மேளம் அடிப்பதும், செத்த மாட்டைத் தூக்குவதும், ஊர்த் திருவிழாவில் ஒதுங்கி நிற்பதும் 'காலங்காலமாக வரும் வழக்கம்' என்ற பெயரில்தான் நம்மிடம் கேட்கப்பட்டன. ஆகவே, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் பண்பாட்டுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் வேண்டும் என்று யாராவது சொன்னால், 'ஏன், அவர்களை மட்டும் காட்டுக்குள்ளேயே வைத்திருக்கவா?' என்று கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்வி. ஆனாலும், பழங்குடிக் குடியிருப்புகளில் சில ஆண்டுகளாக வேலை செய்துவரும் எங்கள் குழுவினர், இந்தக் கேள்வியோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறோம். சேரிக்கும் காட்டுக்கும் நடந்த அநீதி ஒரே மாதிரியானது அல்ல. நம்மிடம் ஒரு பண்பாட்டைத் திணித்தார்கள். அவர்களிடமிருந்து பிடுங்கினார்கள்.

மாவட்டத் தலைநகரில் நடக்கும் ஆய்வுக் கூட்டங்களில் பழங்குடி மக்களைப் பற்றி மூன்று வாக்கியங்களை மாற்றி மாற்றிக் கேட்கிறோம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். விழிப்புணர்வு இல்லை. மூன்றாவது வாக்கியம்தான் மற்ற இரண்டுக்கும் காரணமாகச் சொல்லப்படுவது. அதற்கு மருந்தாக விழிப்புணர்வு முகாம் நடக்கும், பதாகை கட்டுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், முகாம் முடிந்து வண்டி மலையிறங்கும். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்கும் முகாம் ஒன்றை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

நிலைமையின் அளவைச் சொல்ல ஒரே ஒரு புள்ளிவிவரம் போதும். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் 41.9. பழங்குடிக் குழந்தைகளை மட்டும் எடுத்தால் 50.3. இந்த இடைவெளிக்கு அம்மாவின் அறியாமைதான் காரணம் என்று சொல்வது எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். சாலை போடாதவர், மருத்துவர் பணியிடத்தை நிரப்பாதவர், காட்டைப் பிடுங்கி உணவைப் பிடுங்கியவர் எல்லோரும் ஒரே சொல்லில் தப்பித்துவிடுகிறார்கள்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் 1986இல் வேலையைத் தொடங்கிய மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் கோண்டு மக்களிடம் போய், ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று கேட்டார்கள். வந்த பதில்களில் ஒன்று: அங்கே எல்லோரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். நாங்கள் பிணத்துக்குத்தான் வெள்ளை சுற்றுவோம். இன்னொன்று: நோயாளியை உள்ளே வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்களை வெளியே துரத்துகிறீர்கள், தனியாகக் கிடந்தால் ஆள் எப்படிப் பிழைக்கும்? இதைக் கேட்டபின் அவர்கள் பெரிய கட்டடம் கட்டவில்லை. கோண்டு ஊரைப் போலக் குடில்களாக மருத்துவமனை எழுந்தது. நோயாளியோடு வீட்டார் தங்கலாம். பெயரும் அந்த மக்களின் தெய்வமான தந்தேசுவரியின் பெயர்தான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் குடில் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆகிவிடும். சுற்றுலா விடுதிக்காரர்களும் குடில்தான் கட்டுகிறார்கள். கட்சிரோலியில் நடந்த முக்கியமான வேலை வேறு. பச்சிளங்குழந்தைகள் வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே இறந்துகொண்டிருந்த ஊர்களில், அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போடுவது, குளிர்விடாமல் சுற்றிவைப்பது, மூச்சுத் திணறலைக் கண்டுபிடிப்பது, நோய்த்தொற்று என்றால் ஊசி போடுவது வரை. அதிகம் படிக்காத கிராமத்துப் பெண் ஊசி போடுவதா என்று மருத்துவ உலகம் புருவம் உயர்த்தியது. 39 ஊர்களில் இந்த ஏற்பாட்டைச் செய்து, 47 ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. இன்று ஆஷா பணியாளர்கள் பிரசவமான வீட்டுக்கு நாள் கணக்கு வைத்துப் போய்க் குழந்தையைப் பார்க்கிறார்களே, அந்தத் தேசியத் திட்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இதில் பண்பாடு எங்கே இருக்கிறது? பாட்டிலோ, நடனத்திலோ, சுவரில் வரைந்த ஓவியத்திலோ இல்லை. குழந்தை பிறந்த வீட்டுக்குள் யார் நுழையலாம், தாய் யார் பேச்சைக் கேட்பாள், தீட்டுக் காலத்தில் யார் கையால் குழந்தையைத் தொடலாம் என்ற நடைமுறைக்குள் நவீன மருத்துவம் நுழைந்ததே, அதில் இருக்கிறது. எடைக் கருவியும் ஊசி மருந்தும் நவீனமானவை. அவற்றைக் கொண்டுபோகும் கை ஊருக்குப் பழகிய கை. நவீன மருத்துவத்துக்குப் பதிலாகப் பச்சிலை போதும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். நீலகிரியின் கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் வாழ்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் அக்கார்டு அமைப்பு அங்கே வேலையைத் தொடங்கியபோது முதல் பிரச்சினை ஆஸ்பத்திரி அல்ல, நிலம். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாகி, 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான மக்கள் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். அதுவரை நகரத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நடந்தவர்கள் நடுவீதியில் நடந்தார்கள். 1987இல் தொடங்கிய நலவாழ்வுப் பணி, 1990இல் அஷ்வினி என்ற அமைப்பாகவும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையாகவும் வளர்ந்தது. பழங்குடி இளம்பெண்கள் செவிலியர்களாகப் பயிற்சி பெற்றார்கள், ஊர்தோறும் நலப்பணியாளர்கள் வந்தார்கள். 1992இலேயே சங்க உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு வந்துவிட்டது. அரசுகள் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு.

இந்த வரிசையை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். முதலில் சங்கம், பிறகு மருத்துவமனை. 'பண்பாடு சார்ந்த அணுகுமுறை' என்று இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் இந்த வரிசையைத் தவிர்த்துவிடுகிறார்கள். நிலம் கேட்டு வீதியில் நடந்த மக்களுக்குத்தான் மருத்துவமனையில் 'ஊசி எதற்கு?' என்று கேட்கும் தைரியம் வருகிறது. தருமபுரி சிட்டிலிங்கியில் 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் மலையாளிப் பழங்குடி மக்களிடையே ஓர் ஓலைக் குடிசையில் தொடங்கிய மருத்துவமனையும் உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து வளர்ந்ததுதான்.

அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நீலகிரி, வயநாடு பழங்குடிகளிடம் அதிகம் காணப்படும் பரம்பரை நோய் இது. சிவப்பணு அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களில் அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலி வரும். குளிரும் உடலில் நீர் குறைவதும் அந்த வலியைத் தூண்டும். மழையில் நனைந்து தேயிலை பறிப்பவருக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே பார்க்க எதுவும் தெரியாததால், கூலிக்கு வராத ஆளைச் சோம்பேறி என்று கங்காணி திட்டுவான், பள்ளிக்கு வராத பிள்ளையை வாத்தியார் திட்டுவார்.

2047க்குள் இந்த நோயை ஒழிப்பதாக 2023இல் ஒன்றிய அரசு ஓர் இயக்கம் தொடங்கியது. 17 மாநிலங்களில் ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்பது இலக்கு. பரிசோதனை நல்லதுதான். பரிசோதித்துவிட்டுக் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்பினால் என்ன நடக்கும்? நாங்கள் போன ஓர் ஊரில், 'கடத்தி' என்று எழுதிய அட்டையோடு ஓர் இளைஞர் வந்தார். தனக்கு இன்னும் எத்தனை ஆண்டு உயிர் இருக்கிறது என்று கேட்டார். அவருக்கு நோயே இல்லை. ஒரு மரபணுவை மட்டும் சுமப்பவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். தாய், தந்தை இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய் வர. இதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல முகாமில் ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை. அதற்குள் பெண் வீட்டார் பேச்சை முறித்துவிட்டார்கள்.

சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள சமூகத்துக்குள் மணஉறவு நடக்கிறது. குலம் பார்த்து, முறை பார்த்துப் பெண் எடுக்கிறார்கள். அங்கே 'கடத்தியைக் கட்டாதே' என்று வெளியாள் ஒரே வரியில் சொன்னால், அது ஒரு தலைமுறையின் கல்யாணத்தையே குலைக்கிற வேலை. அதே செய்தியைச் சொந்த ஊர் நலப்பணியாளர், எந்தக் குலத்துக்கும் எந்தக் குலத்துக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு என்று தெரிந்தவர், மூப்பரோடும் தாய்மாரோடும் அடுப்படியில் உட்கார்ந்து பேசுவது வேறு. அதைத்தான் நாங்கள் பண்பாடு சார்ந்த மருத்துவம் என்கிறோம். செலவு அதிகமில்லை, நேரம் அதிகம் பிடிக்கும். அரசுத் துறைகளிடம் செலவுக்குப் பணம் இருக்கிறது, நேரம்தான் இல்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். பாரம்பரிய மருத்துவம் என்றதும் நம்மில் சிலருக்கு வரும் எரிச்சலில் சாதியின் கதையும் இருக்கிறது. அயோத்திதாசர் சித்த மருத்துவர். இளமைக் காலத்தின் ஒரு பகுதி நீலகிரியில் கழிந்தவர். ஊர்ப் பிரசவங்களைப் பார்த்த மருத்துவச்சிகள் பலர் தலித் பெண்களும் நாவிதர் சமூகப் பெண்களும்தான். குழந்தையை வெளியே எடுக்க அவர்கள் கை வேண்டும், எடுத்த பிறகு அவர்கள் தொட்டது தீட்டு. அந்த அறிவு ஒருபோதும் மருத்துவம் என்று மதிக்கப்படவில்லை. பழங்குடி வைத்தியரை இன்று 'மூடநம்பிக்கை' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கும்போது, நம் பாட்டிமாரை ஒதுக்கிய அதே குரல் நம் வாயிலிருந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வைத்தியர் சொல்வதெல்லாம் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. பாம்பு கடித்தவரை மந்திரித்துக்கொண்டு இருந்தால் சாவுதான். ஆனால் அந்த வைத்தியரையே 'கடித்தவுடன் வண்டி வரச் சொல்லுங்கள்' என்று சொல்லும் ஆளாக்க முடியும். எங்கள் அனுபவத்தில் அவர் சொன்னால் ஊர் கேட்கிறது.

இனி பள்ளிக்கூடம். இங்கேதான் நமக்குக் கொஞ்சம் வலிக்கும்.

1938இலும் 1965இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற மண் இது. தாய்மொழிக் கல்வி பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சரி, ஒரு பணியக் குழந்தை ஐந்து வயதில் தமிழ்வழிப் பள்ளியில் முதல் நாள் உட்காருகிறதே, அதன் தாய்மொழி எது? பணிய மொழி. காட்டுநாயக்கர் பிள்ளைக்கு வீட்டில் கன்னடத்தை ஒட்டிய ஒரு மொழி. பெட்டக்குறும்பருக்குத் தனி மொழி. தோடர், கோத்தர் மொழிகள் தமிழின் உறவுகள்தாம், ஆனால் தமிழ் அல்ல. அந்தப் பிள்ளைகள் 'அம்மா, ஆடு, இலை' படிப்பது நாம் இந்தி படிக்க நேர்ந்ததைப் போலத்தான். அதிலும் நமக்கு அது மூன்றாவது மொழியாக வந்தது. அவர்களுக்கு முதல் நாளே, ஒரே மொழியாக வருகிறது. விளங்காமல் பேசாமல் இருக்கும் குழந்தையை 'மந்தம்' என்று எழுதிவைக்கிறோம். மூன்றாம் வகுப்பில் அது நின்றுவிட்டால் 'இடைநிற்றல்' என்ற பதிவேட்டில் ஏற்றுகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடிகளின் எழுத்தறிவு 54 விழுக்காடு. அவர்கள் மாநில மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். தேர்தலில் யாரையும் தோற்கடிக்க முடியாத எண்ணிக்கை. ஆகவே இந்த இடைவெளி யாருக்கும் உறுத்தவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கல்வி தர வசதி செய்யச் சொல்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. ஒடிசா அரசு 2006-07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் பாடநூல் தயாரித்துப் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது. குறைகள் ஏராளம், ஆசிரியர் பற்றாக்குறை உண்டு. ஆனாலும் செய்ய முடியும் என்று காட்டியது. தமிழ்நாட்டில் 2024 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த நிதி ஒதுக்கினார்கள். வரவேற்கிறோம். ஆனால் ஆவணம் அருங்காட்சியகத்துக்கு உதவும். முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

உடனே வரும் மறுப்பு நமக்குத் தெரியும். பழங்குடிப் பெற்றோரே ஆங்கிலவழி கேட்கிறார்களே? கேட்கட்டும், கேட்பது அவர்கள் உரிமை. நாமும் அதைத்தான் கேட்டோம். அம்பேத்கர் ஆங்கிலத்தில் வாதாடியதால்தான் இலண்டன் வட்டமேசையில் நம் குரல் கேட்டது. தாய்மொழியில் தொடங்குவது என்றால் தாய்மொழியோடு முடிப்பது அல்ல. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தெரிந்த மொழியில் எழுத்தையும் எண்ணையும் பிடித்துக்கொண்ட பிள்ளை, பிறகு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தெம்போடு ஏறும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் 'மொழிக்கூடு' என்ற பொருள்படும் பெயரில் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பாட்டிமார்தான் அங்கே ஆசிரியர்கள். அழியப்போவதாகக் கருதப்பட்ட மொழி குழந்தைகள் வாயில் திரும்ப வந்தது. அந்தப் பிள்ளைகள் யாரும் ஆங்கிலம் தெரியாமல் போய்விடவில்லை.

கூடலூரின் வித்யோதயா பள்ளியில் பழங்குடி இளைஞர்களே ஆசிரியர்கள். அவர்கள் கதையும் பாட்டும் வகுப்புக்குள் வருகின்றன. கதையும் பாட்டும் வந்ததைவிட முக்கியம், கரும்பலகை முன்னால் தன் அக்காவைப் போன்ற ஒருவர் நிற்பதைக் குழந்தை பார்க்கிறது. சேரிப் பள்ளியில் முதல் தலித் ஆசிரியரைப் பார்த்த நாளை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம்.

குலக்கல்விச் சந்தேகத்துக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் இரண்டு இருளர்களுக்கு இந்த அறிவுக்காகவே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த அறிவு அறிவியல் பாடநூலில் இருக்க வேண்டும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதைப் படிக்க வேண்டும். அதற்காக இருளர் பிள்ளை பாம்பு பிடிக்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் அது குலக்கல்வி. அவள் நஞ்சியல் ஆய்வாளராகலாம், வழக்கறிஞராகலாம், பாம்பைக் கண்டால் ஓடுபவளாகவும் இருக்கலாம். அறிவை மதிப்பது ஒன்று, அந்த அறிவிலேயே ஆளைக் கட்டிப்போடுவது வேறொன்று.

உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. கனடாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015இல் உண்மை கண்டறியும் ஆணையம் அறிவித்தது. நம் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அப்படிப்பட்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. நடந்து போகும் தூரத்தில் பள்ளி இல்லாத மலைகளில் அவை இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்குப் படிப்பே இல்லை. ஆனால் நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில், வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைக் கூப்பிட்டபோது ஒரு பெண் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. அது அவள் பெயரே இல்லை. வாயில் நுழையவில்லை என்று ஆசிரியர் வைத்த புதுப் பெயர் அது. தேன் எடுக்கும் பருவத்திலும், ஊரில் சாவுச் சடங்கு நடக்கும் நாட்களிலும் பிள்ளைகள் விடுதியை விட்டு ஓடிவிடுகிறார்கள் என்பது அங்கே பெரிய புகார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுமுறை விடுகிற பள்ளி, மலைக்குரிய நாட்களில் நான்கு நாள் விட்டால் 'ஓடிப்போதல்' என்ற சொல்லே தேவைப்படாது.

நாம் இவ்வளவு பேசும் பண்பாட்டை அரசு வேறோர் இடத்தில் மிகவும் அக்கறையாகக் கேட்கும். கோட்டாட்சியர் அலுவலகத்தில். பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் போகும் குடும்பத்திடம், 'உங்கள் குலதெய்வம் எது, கல்யாணச் சடங்கு என்ன, உங்கள் மொழியில் பேசிக் காட்டு' என்று விசாரணை நடக்கும். பேன்ட் போட்டிருந்தால் சந்தேகம், வேட்டை தெரியாவிட்டால் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் மொழியை மறக்கச் சொன்ன அதே அரசு, அலுவலகத்தில் ஏன் மறந்தாய் என்று கேட்கிறது. பழக்கவழக்க ஒற்றுமையைச் சோதிப்பதை மட்டுமே முடிவான உரைகல்லாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்த பிறகும் தாலுகா அலுவலகங்களில் பேச்சு பெரிதாக மாறவில்லை. 2022 அக்டோபரில், மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் அலைந்த மலைக்குறவர் சமூகத் தந்தை ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். சான்றிதழ் இல்லையென்றால் விடுதி இல்லை, உதவித்தொகை இல்லை, செவிலியர் படிப்பில் இடம் இல்லை. பழங்குடிப் பெண்ணைப் பழங்குடி ஊருக்கு நலப்பணியாளராக்குவது பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்தப் பெண் இந்த அலுவலகப் படியில்தான் தடுக்கி விழுகிறாள்.

பண்பாட்டைத் தூக்கிக்கொண்டு மலையேறும் இன்னொரு கூட்டமும் உண்டு. ஆதிவாசி என்ற சொல்லைத் தவிர்த்து 'வனவாசி' என்று அழைப்பவர்கள். ஆதி என்று ஒப்புக்கொண்டால் பிறகு வந்தவர்கள் யார் என்ற கேள்வி வரும் அல்லவா? அவர்கள் பள்ளிகளில் பழங்குடித் தெய்வங்கள் மெல்ல மெல்ல வேறு தெய்வங்களின் பரிவாரங்களாகிவிடும். சேரியின் அம்மன்களுக்கு நேர்ந்ததை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அதிகம் விளக்க வேண்டாம்.

கடைசியாக, நம்மைப் போன்ற சமூகப் பணியாளர்கள் அதிகம் பேசாத ஒன்று. 'சமூகத்திலிருந்தே பணியாளர்' என்ற கொள்கை, குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாகிவிட்டது. ஆஷா பணியாளரை அரசு இன்னும் தன்னார்வலர் என்றுதான் அழைக்கிறது. சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. மலை ஊரில் பிரசவ வலி வந்த பெண்ணோடு இரவில் ஜீப்புக்காகக் காத்து நிற்பவர் தன்னார்வலர், மலையடிவாரத்தில் பதிவேடு பார்ப்பவர் ஊழியர். பழங்குடி மொழி தெரிந்த ஆசிரியரும் அப்படியே, தற்காலிகம், தொகுப்பூதியம், ஏப்ரலில் வேலை இல்லை. பண்பாட்டைப் புரிந்தவர் தேவை என்றால் அந்தப் புரிதலுக்குப் பணி நிரந்தரமும் ஊதிய விகிதமும் கொடுக்க வேண்டும். 2024இல் தமிழ்நாட்டில் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இதற்கு ஒரு பிடி. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப ஒதுக்கும் நிதி எங்கே போகிறது என்று கேட்க அதில் இடம் இருக்கிறது. பாலத்துக்கும் விடுதிச் சுவருக்கும் போகும் பணத்தில் எத்தனை பணிய மொழி ஆசிரியர்களை நியமிக்கலாம் என்ற கணக்கை நாம் போட்டுக் காட்ட வேண்டும். தலித் இயக்கங்கள் இந்த நிதியைப் பற்றிப் பேசும்போது பழங்குடிப் பங்கை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவதும் மாற வேண்டும்.

இந்த ஆண்டு களப்பணிக்கு மலைக் கிராமங்களுக்குப் போகும் மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். துறைத்தலைவர் கொடுத்த நாற்பது கேள்விப் படிவம் கையில் இருக்கும், அதை நிரப்புங்கள், மதிப்பெண் வேண்டுமே. அதோடு இதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம் வேண்டும். நீங்கள் போகும் பள்ளியில் எத்தனை பழங்குடிப் பெற்றோர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, கடைசிக் கூட்டத்தில் அவர்களில் யாராவது வாய் திறந்து பேசினார்களா, பேசியது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா. பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கைரேகை மட்டும் இருந்தால் அதையும் எழுதி வாருங்கள்.